170-ல் கால் ஏன் நின்றுவிடுகிறது? அதிவேக மெட்டல் டிரம்ஸ் பற்றி ஒரு பதில்

உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். இரண்டரை ஆண்டுகளாக டிரம்ஸ் வாசிக்கிறீர்கள். இரு கால்களாலும் பேஸ் டிரம்மை (தரையில் நிற்கும் பெரிய டிரம்மை) அடிக்க உதவும் டபுள் பெடல் வாங்கி ஓராண்டு ஆகிறது. டெத் மெட்டல் குழுக்களில் நிமிடத்துக்கு 240, 260 என்று வாசிக்கிறார்கள். உங்கள் கால்களோ 170-ஐத் தொட்டதும் கட்டையாகிவிடுகின்றன. இது பிறவியிலேயே வாய்க்க வேண்டியதா, வெளியே சொல்லாத உத்தி ஏதாவது இருக்கிறதா, இல்லை ட்ரிகர் என்னும் மின்கருவி செய்யும் மோசடியா என்று கேட்கிறீர்கள். போகிற போக்கில், புதுப் பெடல் வாங்கினால் தீருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான்கு கேள்விகளுக்கும் அடியில் ஒரே பயம்தான் இருக்கிறது: இதுதான் என் எல்லையோ? இல்லை. கிட்டத்தட்ட எல்லோரும் அங்கேதான் நிற்கிறோம். நிற்பதற்குக் காரணமும் இருக்கிறது.

பதில் சொல்பவன் யார் என்பதும் தெரிய வேண்டுமல்லவா. இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த இசையை வாசிக்கிறேன், பன்னிரண்டு ஆண்டுகளாகக் கற்றுத்தருகிறேன். என் கால்கள் 220-ல் ஒன்றரை நிமிடம் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேலே வாசிப்பவர்களோடு பழகியிருக்கிறேன், அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நான் அங்கே குடியிருப்பவன் அல்லன். மருத்துவனும் அல்லன். ஆகவே உடலைப் பற்றிச் சொல்லும் இடங்களில் என் சொல்லை ஓர் ஆசிரியரின் அனுபவமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பாதி மலைப்பு கணக்குப் பார்க்காததால் வருவது. 240 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 240 தட்டு என்றால் நொடிக்கு நான்கு தட்டு. ஒவ்வொரு தட்டுக்குள்ளும் தகதிமி என்று நான்கு அடி விழுந்தால் நொடிக்குப் பதினாறு. காது அதைத் தனித்தனி அடிகளாகப் பிரிக்கத் திணறுகிறது. கெட்டித் துணியைக் கிழிப்பது போல ஒரே இழுப்பாகக் கேட்கிறது. ஆனால் அந்தப் பதினாறும் ஒரு காலின் உழைப்பு அல்ல. வலக்காலுக்கு எட்டு, இடக்காலுக்கு எட்டு. உங்கள் 170-ல் ஒவ்வொரு காலும் இப்போதே நொடிக்கு ஏறத்தாழ 5.7 அடி அடிக்கிறது. ஆக, நீங்கள் கடக்க வேண்டியது 5.7-க்கும் 8-க்கும் இடையிலுள்ள தூரம். எட்டு ஒன்றும் எட்டாத எண் அல்ல. ஒப்பிடுவதற்கு ஒரு செய்தி: வெறும் தட்டல் வேகத்துக்கென்றே நடக்கும் போட்டியில் கனடாவைச் சேர்ந்த டாம் குரோசெட் 2013-ல் இரு கைகளாலும் 60 நொடியில் 1,208 அடி அடித்தார். நொடிக்கு இருபது, ஒரு கைக்குப் பத்து. கையின் உச்சி அந்தப் பக்கம் இருக்கிறது. இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒரே வாசிப்பைச் சிலர் 240 என்பார்கள், சிலர் பாதியாக எண்ணி 120 என்பார்கள். காணொளித் தலைப்பில் ஒரு எண்ணைப் பார்த்து மனம் தளருமுன் அது எந்தக் கணக்கு என்று பாருங்கள்.

பிளாஸ்ட் பீட் என்று நாம் சொல்லும் அதிவேகத் தாளமும் இதே பங்கீட்டு வித்தைதான். அந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவராக நேபாம் டெத் குழுவின் மிக் ஹாரிஸைச் சொல்வது வழக்கம்; அக்குழுவின் முதல் ஆல்பம் 1987-ல் வந்தது. அதற்கு முன்பே, 1980களின் முற்பாதியில், சீஜ் போன்ற அமெரிக்க ஹார்ட்கோர் பங்க் குழுக்களிடம் அதன் முன்வடிவம் கேட்கிறது. யார் முதலில் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. எனக்கு அதில் பெரிய ஆர்வமும் இல்லை. உங்களுக்குத் தேவை அதன் அமைப்பு. பழைய பாணியில் வலக்கை சிம்பலிலும் வலக்கால் பேஸ் டிரம்மிலும் சேர்ந்து விழும். அவற்றின் இடைவெளியில் இடக்கை ஸ்நேர் என்னும் சிறிய டிரம்மில் விழும். இரண்டு கைகளும் மாறி மாறி விழுவதால்தான் பதினாறு கிடைக்கிறது. ஹாமர் பிளாஸ்ட்டில் இரு கைகளும் ஒரே நேரத்தில் விழும். அடி எண்ணிக்கை பாதியாகும், ஆனால் சம்மட்டி போல இறங்கும். அந்தக் கைகளுக்குக் கீழே கால்கள் இடைவிடாமல் ஓடினால் அது பாம் பிளாஸ்ட். 240-ல் இவற்றில் எதை எடுத்தாலும் ஒரு கைக்கோ காலுக்கோ நொடிக்கு எட்டுக்கு மேல் வேலை இல்லை. பழைய பாணியில் பேஸ் டிரம் அடியை இரு கால்களுக்கும் பிரித்துக் கொடுத்தால் காலுக்கு நான்குதான். மேடையில் ஒரு மணி நேரம் வாசிக்க வேண்டியவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். முதன்முதலில் இதைக் கண்டபோது யாரோ என் பையிலிருந்து கல்லை எடுத்துப் போட்டது போல இருந்தது.

இப்போது 170-க்கு வருகிறேன். மெதுவான வேகங்களில் கால் முழுவதுமாக எழுந்து விழுகிறது. தொடை தூக்குகிறது, எடை இறங்குகிறது, அடி கனமாக விழுகிறது. ஏறத்தாழ 150 வரை இது சொகுசாகப் போகும். 190-க்கு மேலே தொடையால் அவ்வளவு விரைவாக ஏறி இறங்க முடியாது. அங்கே வேலை கணுக்காலுக்கு மாறிவிடுகிறது. தொடை அசையாமல் மிதக்கிறது, குதிகால் ஓர் அங்குலம் எழுந்து நிற்கிறது, பாதம் மட்டும் துடிக்கிறது. சிக்கல் இந்த இரண்டுக்கும் நடுவில். 160 முதல் 190 வரையுள்ள பகுதி தொடைக்கு மிக வேகம், கணுக்காலுக்கு மிக மெதுவு. நடையை வேகப்படுத்திக்கொண்டே போனால் ஓர் இடத்தில் நடப்பது ஓடுவதைவிடக் கடினமாகிவிடும். உடல் தானாக ஓட்டத்துக்குத் தாவும். நடையை மேலும் மேலும் வேகப்படுத்தி யாரும் ஓடக் கற்றதில்லை. நீங்கள் ஓராண்டாகச் செய்துகொண்டிருப்பது அதைத்தான்: மெட்ரோனோம் என்னும் தாளம் காட்டும் கருவியை இரண்டு இரண்டாக ஏற்றி, தொடையின் அசைவையே 170 வரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். இந்த எண்கள் ஆளுக்கு ஆள் பத்து, பதினைந்து தள்ளியிருக்கும். ஆனால் இடையில் அசைவு மாறுகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எத்தனையோ கால்களில் பார்த்துவிட்டேன்.

ஒரு காலைப் பற்றிச் சொல்கிறேன். என்னிடம் வந்த மாணவர் ஒருவருக்கு 165-ல் பூட்டு விழுந்துவிடும். எட்டு மாதம் போராடினோம். ஒருநாள் காலணியைக் கழற்றிவிட்டு வாசிக்கச் சொன்னேன். வலப்பாதம் ஒழுங்காக இருந்தது. இடப்பாதத்தின் பெருவிரல் மட்டும் காலுறைக்குள் கொக்கி போல மேல்நோக்கி வளைந்து நின்றது. மேல்பாதத்தின் நரம்புகள் கயிறாகப் புடைத்திருந்தன. பாதத்தைக் கீழே அழுத்தும் தசையும் மேலே இழுக்கும் தசையும் ஒரே நேரத்தில் இறுகியிருந்தன. ஒரு வண்டியில் இருவர் உட்கார்ந்து ஒருவர் முடுக்கியையும் மற்றவர் பிரேக்கையும் மிதிப்பது போல. அவருக்கு அது தெரியவே இல்லை, "விரலா? நான் ஒன்றும் செய்யவில்லையே" என்றார். குனிந்து, என் விரலை அவர் பெருவிரல் மேல் லேசாக வைத்துக்கொண்டு மறுபடி வாசிக்கச் சொன்னேன். அன்று வேகம் கூடவில்லை. ஆனால் முதல் முறையாக 165-ல் நான்கு நிமிடம் நிற்காமல் ஓடினார். இது வெறும் ஆசிரியர் கதை அல்ல என்பதற்கு அளந்த சான்றும் உண்டு. ஷின்யா ஃபுஜியும் சக ஆய்வாளர்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் டிரம்ஸ் தெரியாதவர்கள், சாதாரண டிரம்மர்கள், வேகப் போட்டி வெற்றியாளர் ஒருவர் ஆகியோரின் மணிக்கட்டுத் தசைகளை ஒப்பிட்டார்கள். மற்றவர்கள் ஒரு கையால் நொடிக்கு ஐந்து முதல் ஏழு முறை தட்டினார்கள், அவர் பத்து. அவருடைய தசைகளில் கண்ட வேறுபாடு, மடக்கும் தசையும் நீட்டும் தசையும் முறை வைத்து மாறி மாறி இயங்கின, ஒன்றின் குறுக்கே மற்றொன்று வரவில்லை என்பது. அந்த ஆய்வு கையைப் பற்றியது, காலைப் பற்றியது அல்ல; அந்த வேகக்காரரும் ஒரே ஒருவர். காலுக்கும் அதுவே பொருந்தும் என்பது என் ஊகம். அந்தப் பெருவிரலைப் பார்த்த பிறகு அந்த ஊகத்தின் மீது பணம் கட்டவும் தயார்.

சரி, என்ன செய்வது? 170-ஐ விட்டுவிடுங்கள். நேராக 200-க்குப் போங்கள், ஆனால் ஒரே ஒரு தட்டுக்கு. 200-ல் மெட்ரோனோமை ஓடவிட்டு, நான்கு அடியும் அதற்கடுத்த தட்டின் முதல் அடியும், மொத்தம் ஐந்து அடி அடித்து நிறுத்துங்கள். கால் முழுதும் தளரும் வரை காத்திருங்கள். மறுபடி ஐந்து. அவ்வளவு குறுகிய ஓட்டத்தில் தொடை நுழைய நேரம் இருக்காது. உடல் தானாகவே கணுக்காலைத் தேடிப் பிடிக்கும். ஐந்து அடி சுத்தமாக விழத் தொடங்கியதும் ஒன்பது, பிறகு பதினேழு. ஓட்டத்தைவிட ஓய்வு நீளமாக இருக்கட்டும். பத்து நிமிடம் இதற்கு. பிறகு 120, 130-ல் பழைய கனமான அசைவுக்கு இன்னொரு பத்து நிமிடம், ஏனென்றால் அதுவும் வேண்டும். கணுக்கால் அசைவு 200-ல் ஒரு நிமிடம் நிற்கும் நிலை வந்ததும் அங்கிருந்து கீழே இறங்குங்கள்: 190, 185, 180. மேலிருந்து இறங்கி வந்து நடுப்பகுதியைப் பிடிப்பது கீழிருந்து ஏறிப் பிடிப்பதைவிட எளிது. எனக்கு இதைச் சொல்லித்தர ஆள் இருந்திருந்தால் இரண்டு ஆண்டு மிச்சமாகியிருக்கும். எத்தனை மாதம் ஆகும் என்று கேட்காதீர்கள். ஆறு வாரத்தில் தாண்டியவரையும் தெரியும், ஒன்றரை ஆண்டு எடுத்தவரையும் தெரியும். உட்காரும் உயரத்தையும் இதோடு பார்த்துவிடுங்கள். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரத்தில் இருக்க வேண்டும். தாழ உட்கார்ந்தால் தொடையைத் தூக்கிப் பிடிப்பதற்கே பாதி சக்தி போய்விடும்.

நீங்கள் "உத்தி" என்று கேட்டது உண்மையில் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. ஒன்று ஸ்விவல்: பாதத்தை இடமும் வலமுமாகச் சிறிது திருப்பி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஓர் அடி. நைல் குழுவின் ஜார்ஜ் கொலியாஸ் இதற்குப் பெயர்பெற்றவர். திருப்பம் அடி எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை. ஒரே தசை தொடர்ந்து சுமக்காமல் பாரத்தைப் பங்கு போடுகிறது, இறுக்கத்தைக் கலைக்கிறது என்று அதை வாசிப்பவர்கள் விளக்குகிறார்கள். எனக்கு அது கைகூடியது, ஆனால் விளக்கம் முழுக்கச் சரியா என்பதில் ஐயம் உண்டு. சிலருக்கு வேகம் ஏறினால் பாதம் தானாகவே திரும்புகிறது, ஆகவே எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது எளிதல்ல. மற்றொன்று ஹீல்-டோ. இது தெளிவான இயந்திரக் கணக்கு. பாதத்தின் பின்பகுதியால் ஓர் அடி, உடனே குதிகாலை உயர்த்தி முன்பகுதியால் இன்னோர் அடி. கால் ஒருமுறை அசைந்தால் இரண்டு அடி. 240-ல் கால் நொடிக்கு நான்கு அசைவு அசைந்தால் போதும். கேட்கும்போது இலவசமாகத் தோன்றும். விலை இருக்கிறது: இரண்டு அடிகளும் ஒரே அளவில் விழாது. முதலடி மெலியும், இரண்டாவது வெடிக்கும், இடைவெளி நொண்டும். சமப்படுத்த ஆண்டுக்கணக்கில் ஆகும். 170-ல் சிக்கியிருப்பவர் அதிலிருந்து தப்பிக்க ஹீல்-டோவுக்கு ஓடினால் இரண்டும் அரைகுறையாக நிற்கும் என்பது நான் கண்டது.

கைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கால் சரியானதும் அடுத்து நொண்டப்போவது இடக்கைதான். குச்சியைப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் அதை அடிக்கிறார்கள். வேகமாக வாசிப்பவர்கள் அதை எழவிடுகிறார்கள். இறுக்கிக் கட்டிய ஸ்நேர் தோல் குச்சியைத் தானே மேலே எறியும். அந்த எழுச்சியை உள்ளங்கையால் நசுக்காமல் விட்டால் பாதி வேலை முடிந்தது. மீதியைக் கடைசி மூன்று விரல்கள் பார்த்துக்கொள்ளும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே குச்சி ஊசலாட வேண்டும். மணிக்கட்டு மட்டும் 200 வரை இழுக்கும். அதற்கு மேல் விரல்கள் சேராமல் நான் யாரையும் பார்க்கவில்லை. கிராவிட்டி பிளாஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் பலர் கண்கட்டு வித்தை என்கிறார்கள். குச்சியின் நடுப்பகுதி ஸ்நேரின் உலோக விளிம்பில் படுகிறது. கை கீழே இறங்கும்போது முனை தோலில் ஓர் அடி. கை மேலும் இறங்க, விளிம்பு ஆதாரப்புள்ளியாகி முனை எழுகிறது. கை மேலேறும்போது முனை மறுபடி விழுகிறது. ஏற்றத்துக்கு ஒன்று, இறக்கத்துக்கு ஒன்று. ஒரு கையாலேயே நொடிக்குப் பதினாறு கிடைத்துவிடும். டிரம்மர் ஜானி ராப் 'ஃப்ரீஹேண்ட்' என்ற பெயரில் கற்பித்துப் பரப்பிய ஒற்றைக்கை உருட்டலும் இதே நெம்புகோல்தான். ஆனால் ஒலி ஒல்லியானது, அழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ பெரிதாக இடமில்லை. சமையலில் கடுகு தாளிக்கிற அளவுக்குப் போடலாம். அதையே உணவாக்க முடியாது.

வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப்படுவது சமச்சீர். இதற்கு ஆசிரியர் கூட வேண்டாம், கைப்பேசி போதும். பேஸ் டிரம் பக்கத்தில் வைத்து நான்கு நொடி பதிவு செய்து, ஏதாவது இலவச ஒலி மென்பொருளில் அலைவடிவத்தை விரித்துப் பாருங்கள். வரிசையாக முள்முள்ளாக நிற்கும். ஒரு முள் உயரம், அடுத்தது குட்டை, மறுபடி உயரம், மறுபடி குட்டை என்று இருந்தால் இடக்கால் மெலிந்திருக்கிறது. உயரம் ஒன்றாக இருந்து, முட்கள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு நின்றால் இடக்கால் வலக்காலைத் துரத்துகிறது, தன் இடத்தில் விழவில்லை. முதலாவதற்கு இடக்காலைத் தனியாக உழைக்கவைக்க வேண்டும். இரண்டாவதற்கு உழைப்பு உதவாது. இடக்காலில் தொடங்கி வாசிக்க வேண்டும், முழுப் பாட்டையும், வாரக்கணக்கில். என் முதல் படத்தைப் பார்த்த நாளில் மூன்று வருடம் வாசித்ததாக நினைத்த ஒரு பகுதியை நான் வாசிக்கவே இல்லை, வலக்காலால் வாசித்து இடக்காலால் ஆமோதித்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது.

ட்ரிகருக்கு வருவோம். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. டிரம் விளிம்பில் பொருத்தும் சிறிய உணரி அது. தோலின் அதிர்வை உணர்ந்ததும், முன்பே பதிந்து வைத்த ஓர் ஒலியை ஒலிக்கச் செய்யும். ஒழுங்காக அமைத்த ட்ரிகர் நீங்கள் அடிக்காத அடியை உண்டாக்காது. உணர்திறனைத் தாறுமாறாக ஏற்றிவைத்தால் ஓர் அடிக்கு இரண்டு ஒலி வரும், ஆனால் அது தாளத்தில் விழாது, கேட்பவருக்கே தெரியும். அது மறைப்பது ஒன்றை மட்டும்: பலத்தை. வேகம் கூடக்கூட அடியின் உயரம் குறையும், ஒலி மெலியும். இது யாருக்கும் விதிவிலக்கில்லாத இயற்பியல். இரண்டு கிட்டார்களின் இரைச்சலுக்கு நடுவே 250-ல் தடவலாக விழும் அடி மைக்கில் வெறும் முணுமுணுப்பாகிவிடும். ட்ரிகர் அந்த முணுமுணுப்பை எடுத்து ஒவ்வொன்றையும் ஒரே கனத்தில் வெளியே விடுகிறது. ஆகவே வலுவில்லாத காலுக்கு அது ஊன்றுகோல் என்று குறை சொல்பவர்கள் முழுக்கத் தவறல்ல. ஆனால் நேரப் பிழையை அது மறைக்காது. எல்லா அடிகளும் ஒரே கூர்மையில் கேட்பதால் நொண்டல் இன்னும் அம்பலமாகும். நான் முதன்முதலில் ட்ரிகர் போட்டு ஒத்திகை பார்த்த அன்று வீட்டுக்கு வரும்வரை யாரோடும் பேசவில்லை.

பதிவுகள் விஷயம் வேறு. அங்கே ஒவ்வோர் அடியையும் எடுத்துத் தாளக் கட்டத்தில் நேராக்கி வைக்கலாம், ஒலியை மாற்றலாம், துண்டு துண்டாக வாசித்து ஒட்டலாம். இவை எல்லாம் அன்றாட ஸ்டூடியோ வேலை. மெஷுகா குழு 2005-ல் வெளியிட்ட ஆல்பத்தில் டிரம்ஸ் முழுவதும் கணினியில் எழுதியதே. அவர்கள் அதை ஒளிக்கவும் இல்லை, அவர்களின் டிரம்மர் தாமஸ் ஹாகே மேடையில் எதையும் வாசிக்கக்கூடியவர் என்பதில் யாருக்கும் ஐயமும் இல்லை. எனவே ஒரு குறிப்பிட்ட ஆல்பத்தில் எவ்வளவு வாசித்தது, எவ்வளவு திருத்தியது என்பதைக் காதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்பவர்களை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து. உங்கள் காலை அந்தப் பதிவுகளோடு ஒப்பிடாதீர்கள். ஒற்றைக் கேமராவில் கால்களைக் காட்டும் மேடைப் பதிவுகளோடு ஒப்பிடுங்கள். அங்கேயும் 240 ஓடுவதைப் பார்ப்பீர்கள், கொஞ்சம் வியர்வையோடும் அங்கங்கே சறுக்கலோடும்.

பிறவியா என்ற கேள்விக்கு என்னிடம் பாதி பதில்தான் இருக்கிறது. வேகத் தசைநார்களின் விகிதம் ஆளுக்கு ஆள் வேறு, அதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பது உடலியலில் நிலைபெற்ற செய்தி. அது டிரம்மரின் உச்ச வேகத்தை எவ்வளவு கட்டுப்படுத்துகிறது என்பது திறந்த கேள்வி. என் கண்ணால் கண்டதைச் சொன்னால்: 200-ஐ விடாமல் பயிற்சி செய்த யாரும் எட்டாமல் போனதில்லை. 220-ல் பலர் நின்றார்கள். 250-க்கு மேல் போனவர்கள் என் வட்டத்தில் இரண்டே பேர், அவர்கள் தொடக்கத்திலிருந்தே வேறு மாதிரி இருந்தார்கள். மார்பிட் ஏஞ்சல் குழுவின் டிரம்மர் பீட் சாண்டோவல் அக்குழுவில் சேரும்வரை இரு கால்களால் பேஸ் டிரம் வாசித்ததில்லை என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. 1989-ல் அவர்களின் முதல் ஆல்பம் வந்தபோது அந்தக் கால்கள் பிறருக்கு அளவுகோலாகிவிட்டன. இதை உழைப்புக்குச் சான்றாகவும் காட்டலாம், பிறவித் திறனுக்குச் சான்றாகவும் காட்டலாம். அதனால்தான் இப்படிப்பட்ட கதைகளை நான் வகுப்பில் சொல்வதில்லை. உங்கள் 170 இந்த விவாதத்துக்குள்ளேயே வராது, அது மிகக் கீழே.

வலியைப் பற்றி ஒரு கண்டிப்பான பேச்சு. கெண்டைக்காலில் எரிச்சல் வந்து ஒரு நிமிட ஓய்வில் போனால் அது உழைப்பு. கணைக்காலின் முன்புறத்தில் குத்தல், மறுநாள் காலையும் இருக்கும் வலி, விரல்களில் மரத்துப்போதல், குச்சி நழுவுதல் ஆகியவை வேறு. அங்கே நிறுத்திவிட்டு மருத்துவரிடமோ இயன்முறை சிகிச்சையாளரிடமோ போங்கள். இருபத்து மூன்று வயதில் நான் போகவில்லை. பெடல் ஸ்பிரிங்கை முடிந்தவரை முறுக்கி, வலியைக் கடந்தால் வேகம் வரும் என்று யாரோ சொன்னதை நம்பி ஆறு வாரம் மிதித்தேன். பிறகு நான்கு மாதம் மாடிப்படி ஏறுவதே பாடு. கணுக்காலில் எடை கட்டிப் பயிற்சி செய்வதையும் அதனால்தான் நான் பரிந்துரைப்பதில்லை. சிலருக்குப் பலன் தந்திருக்கலாம், எனக்கு அது தொடையை மறுபடி உள்ளே இழுத்துவிடுகிறது. காதையும் மறக்காதீர்கள். அமெரிக்கப் பணிநலப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். சிறிய அறையில் டிரம்ஸ் அதைச் சுலபமாகத் தாண்டும். காதடைப்பான் இல்லாமல் உட்காராதீர்கள்.

பெடல் வாங்கலாமா என்றால், இப்போது வேண்டாம். சங்கிலிக்குப் பதிலாக உலோகத் தண்டு வைத்த நேரடி இயக்கப் பெடலும் நீளப் பலகைப் பெடலும் 220-க்கு மேல் தொடுகையில் வித்தியாசம் காட்டும்; 170-ஐத் தாண்டவைக்காது. இருக்கிற பெடலில் முதலில் இதைச் செய்யுங்கள். காலை எடுத்துவிட்டு, பேஸ் டிரம்மை அடிக்கும் சுத்தியலைக் கையால் பின்னுக்கு இழுத்து விடுங்கள், எத்தனை தடவை ஊசலாடி நிற்கிறது என்று எண்ணுங்கள். இடப்பெடல் வலதைவிடச் சீக்கிரம் நின்றால், இரண்டையும் இணைக்கும் தண்டில் எண்ணெய் காய்ந்திருக்கிறது அல்லது மூட்டுத் திருகு இறுகியிருக்கிறது. இடக்காலின் பாதிப் பழி அங்கே போகும். ஸ்பிரிங்கை நடுத்தரத்தில் வைத்து, அரைத் திருகு அரைத் திருகாக மாற்றி, கால் மேலே வரும்போது பலகை உள்ளங்காலை விட்டுப் பிரியாமல் கூடவே வரும் இடத்தில் நிறுத்துங்கள். அதன் பிறகு அந்த நான்கு நொடிப் பதிவை எடுங்கள். அலைவடிவத்தை இங்கே இணைத்தால், தொடையா, கணுக்காலா, இடக்காலா, பெடலா என்று பார்த்துச் சொல்கிறேன்.